அலையும் ஓதமும்: வானிலை எது, காலநிலை எது, மாறுவது எது?

குளிர் அதிகமான ஒரு நாளில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார்: "பூமி சூடாகுதுன்னு சொல்றாங்களே, போர்வைய விட்டு வெளிய வர முடியல. எங்க சூடு?" வெயில் கொளுத்தும் நாளில் இன்னொருவர் சொல்வார்: "பாத்தீங்களா, இதுதான் காலநிலை மாற்றம்!" முதலாமவர் நம்பாதவர், இரண்டாமவர் நம்புகிறவர். ஆனால் இருவரும் செய்யும் தவறு ஒன்றுதான். ஒரே ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகளுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இந்தக் குழப்பத்தில் பாதிக்குச் சொற்களே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வானிலை, காலநிலை, பருவநிலை, தட்பவெப்பநிலை, சீதோஷ்ண நிலை என்று ஐந்தாறு சொற்கள் நம்மிடம் கலந்து புழங்குகின்றன. ஒரே செய்தியில் தலைப்பில் ஒரு சொல், உள்ளே வேறொரு சொல். "பருவநிலை மாற்றம்" என்று படிப்பவருக்கு, மழைக்காலம் போய்க் குளிர்காலம் வருவதைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டே சொற்கள்: வானிலை, காலநிலை. இவை இரண்டும் எங்கே பிரிகின்றன என்பது தெரிந்துவிட்டால், மீதி எல்லாம் வரிசையாகப் புரியும்.

## மணலில் ஒரு கோடு

கடற்கரையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிப் பின்னால் உலர்ந்த மணலில் வைத்துவிட்டு, அலை வந்து தொட்ட இடத்தில் கால் விரலால் ஒரு கோடு கிழிக்கிறீர்கள். அடுத்த அலை கோட்டுக்கு இரண்டடி முன்னாலேயே நுரைத்து நின்றுவிடுகிறது. அதற்கடுத்தது கோட்டைத் தாண்டிவந்து கணுக்காலை நனைக்கிறது. அதற்கப்புறம் வந்தது கோட்டின் பக்கமே வரவில்லை.

இந்த மூன்று அலைகளை வைத்து, கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியுமா? முடியாது. அரை மணி நேரம், ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். கோடு அழிந்து, அதற்குப் பின்னால் கிழித்த இன்னொரு கோடும் அழிந்து, கடைசியில் செருப்பையும் எடுத்து இன்னும் தள்ளி வைக்க வேண்டிவந்தால், அப்போது தெரியும், கடல் ஏறிக்கொண்டிருக்கிறது என்று. கடல்மட்டம் இப்படி நிதானமாக ஏறி இறங்குவதற்கு ஓதம் என்று பெயர்.

அலைதான் வானிலை. ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்பது: எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது, மேகம் உண்டா, மழை உண்டா. இன்று காலை ஒன்று, மாலை ஒன்று.

அலைகளுக்கு அடியில் இருக்கும் நீர்மட்டம்தான் காலநிலை. அதே இடத்தின் வெப்பம், மழை, காற்று எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தால் தெரியவரும் வழக்கம் அது. எத்தனை ஆண்டு? உலக வானிலை அமைப்பு வைத்திருக்கும் கணக்கு 30 ஆண்டுகள். இப்போது பயன்படும் ஒப்பீட்டுக் காலம் 1991 முதல் 2020 வரை. ஏன் 30? ஓர் ஆண்டு மழை கொட்டும், அடுத்த ஆண்டு பொய்க்கும். ஐந்தாண்டு, பத்தாண்டு வைத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட தற்செயல்கள் கணக்கைக் கெடுத்துவிடும். முப்பது ஆண்டு சேர்த்தால் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலநிலை என்றால் சராசரி மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆண்டு முழுக்க 25 டிகிரியை ஒட்டியே இருக்கும் ஓர் இடம், கோடையில் 45-க்கும் குளிரில் 5-க்கும் போய்வரும் இன்னோர் இடம். இரண்டின் சராசரியும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே காலநிலையா? எவ்வளவு தூரம் ஏறும், எவ்வளவு தூரம் இறங்கும், அப்படி எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்கும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் காலநிலை.

அப்படியானால் காலநிலை மாற்றம் என்பது அந்த வழக்கமே நகர்வது. நகர்ந்து, பல பத்தாண்டுகளுக்கு அங்கேயே நிற்பது அல்லது இன்னும் நகர்ந்துகொண்டே போவது. ஓத உவமை ஓர் இடத்தில் உதவாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓதம் சில மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். நாம் பேசப்போகும் ஏற்றம் அப்படித் தானாக இறங்கக்கூடியது அல்ல.

## அடுத்த வாரமே தெரியாதபோது 2100 எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. கேட்பவரைக் கேலி செய்யாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர், ஒரு சின்ன வானிலை மாதிரியை, அதாவது காற்றின் போக்கைச் சமன்பாடுகளாக எழுதிய ஒரு கணக்கை, கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஓட்டிய ஒரு பகுதியைத் திரும்பப் பார்க்க நினைத்தார். முதலிலிருந்து தொடங்காமல், நடுவிலிருந்து தொடங்கலாமே என்று, காகிதத்தில் அச்சாகியிருந்த எண்களை எடுத்து உள்ளே கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், கொஞ்ச தூரம் பழையபடியே போன வானிலை, அப்புறம் மெல்ல விலகி, கடைசியில் பழையதோடு சம்பந்தமே இல்லாத வானிலையாகிவிட்டிருந்தது. எந்திரம் பழுதோ என்றுகூட முதலில் நினைத்தார். காரணம் அதைவிட எளிமையானது. கணினிக்குள் இருந்த எண் 0.506127. காகிதத்தில் அச்சானது 0.506. அந்த நூலிழை வித்தியாசம் பெருகிப் பெருகி எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுவிட்டது.

வானிலையின் குணமே இதுதான். இன்றைய காற்றை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் ஒரு சின்னப் பிசகு இருக்கத்தான் செய்யும், அது நாளுக்கு நாள் வளரும். அதனால்தான் குறிப்பிட்ட நாளுக்கான முன்னறிவிப்பு சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை.

சரி, கடற்கரைக்குத் திரும்புவோம். இப்போதிலிருந்து நாற்பதாவது அலை எதுவரை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு முழுவதற்குமான ஓத அட்டவணையைத் துறைமுகங்கள் இப்போதே அச்சிட்டு வைத்திருக்கின்றன, எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்று. அலையையே சொல்லத் தெரியாதவர்கள் ஓதத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. நிலாவும் சூரியனும் இழுப்பதால் வருவது ஓதம், அந்த இழுப்பைக் கணக்கிட முடியும். காலநிலைக் கணிப்பும் அப்படித்தான். 2100 மே மாதம் 3-ஆம் தேதி மழை வருமா என்று அது சொல்வதில்லை. பூமிக்குள் வரும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் இப்படி இப்படி மாறினால் மட்டம் எங்கே போய் நிற்கும் என்பதை மட்டுமே சொல்கிறது.

இதுவரை: வானிலை என்பது அலை, காலநிலை என்பது மட்டம். ஓர் அலையை வைத்து மட்டத்தைச் சொல்ல முடியாது. அலையை முன்கூட்டிச் சொல்ல முடியாததால் மட்டத்தையும் சொல்ல முடியாது என்று ஆகிவிடாது. இனி, மட்டத்தை ஏற்றுவது எது என்று பார்க்கலாம்.

## பூமியின் வெப்பக் கணக்கு

அடியில் ஓட்டை உள்ள ஒரு வாளியைக் குழாய்க்குக் கீழே வையுங்கள். தண்ணீர் மேலே விழுகிறது, கீழே ஒழுகுகிறது. கொஞ்ச நேரத்தில் நீர்மட்டம் ஓர் உயரத்தில் நிலைத்துவிடும், வருவதும் போவதும் சமமாகிவிடும் என்பதால். இப்போது குழாயைத் தொடாமல், ஓட்டையைப் பாதி அளவு விரலால் அடையுங்கள். மட்டம் ஏறும். ஏற ஏற அடியில் அழுத்தம் கூடி, மீதி ஓட்டை வழியாகத் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். மறுபடியும் வரவும் செலவும் சமமாகும், ஆனால் பழையதைவிட உயர்ந்த மட்டத்தில்.

குழாய் சூரியன். நீர்மட்டம் பூமியின் வெப்பநிலை. ஓட்டை என்பது பூமி தன் வெப்பத்தை விண்வெளிக்குத் திருப்பி அனுப்பும் வழி.

அது எப்படி அனுப்புகிறது? இஸ்திரிப் பெட்டியை அணைத்தவுடன் அதன் அடித்தட்டுக்குப் பக்கவாட்டில், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒளி எதுவும் இல்லை, ஆனாலும் கையில் சூடு தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெப்பக் கதிருக்கு அகச்சிவப்புக் கதிர் என்று பெயர். சூடு உள்ள எல்லாப் பொருளும் இதை வீசிக்கொண்டேதான் இருக்கிறது, நம் உடம்பும் சேர்த்து. பூமியும் இரவு பகல் பாராமல் விண்வெளியை நோக்கி வீசுகிறது. சூடு கூடினால் வீச்சும் கூடும். வாளியில் மட்டம் ஏறினால் ஒழுக்கு வேகமாவதுபோல.

சூரியனிலிருந்து வருவதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளி, மற்றும் அதை ஒட்டிய கதிர்கள். அது காற்றைத் தாண்டித் தாராளமாகத் தரைக்கு வந்துவிடுகிறது. தரை சூடாகித் திருப்பி அனுப்பும் அகச்சிவப்புக் கதிரோ அவ்வளவு எளிதாக வெளியே போய்விட முடியாது. காற்றில் உள்ள சில வாயுக்கள் அதைப் பிடித்துக்கொண்டு, பின் எல்லாத் திசைகளிலும் மறுபடி வீசுகின்றன. அதில் ஒரு பங்கு கீழ்நோக்கித் தரைக்கே திரும்பி வருகிறது. வாளியின் ஓட்டையை அடைக்கும் விரல் இதுதான். இந்த வாயுக்களுக்குத்தான் பசுமைக்குடில் வாயுக்கள் என்று பெயர். நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவை முக்கியமானவை.

பெயர் கொஞ்சம் தவறான பெயர்தான். பசுமைக்குடில் என்பது செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில். அது சூடாக இருப்பதற்கு முக்கியக் காரணம், உள்ளே சூடான காற்று மேலெழும்பி வெளியேறாமல் கண்ணாடி தடுப்பது. வாயுக்கள் செய்வது வேறு வேலை. போர்வை என்ற உவமை எனக்கு இதைவிடப் பிடிக்கும். போர்வைக்குள் அடுப்பு எதுவும் இல்லை. சூடு உங்கள் உடம்பிலிருந்து வருகிறது, போர்வை அது போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

இந்தப் போர்வையை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். வானம் துல்லியமாக, நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவு, மேகம் மூடிய இரவைவிடக் குளிராக இருக்கும். மேகமும் நீராவியும் தரையின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பாத இரவு அது. காற்றில் ஈரமே இல்லாத பாலைவனத்தில் பகலில் தகித்த மணல் விடிவதற்குள் சில்லிட்டுப்போவதும் இதனால்தான்.

போர்வையே இல்லாவிட்டால்? நிலா நம் பக்கத்திலேயே, சூரியனிலிருந்து ஏறக்குறைய நம் தூரத்திலேயே இருக்கிறது. காற்று கிடையாது. அதன் நடுக்கோட்டுப் பகுதியில் நண்பகலில் சுமார் 120 டிகிரி, இரவில் பூஜ்ஜியத்துக்கு 130 டிகிரி கீழே. பூமியிலும் பசுமைக்குடில் வாயுக்கள் இல்லாதிருந்தால் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியை ஒட்டி இருக்கும் என்பது கணக்கு. உண்மையில் இருப்பது சுமார் 15. அந்த 33 டிகிரிதான் நம்மை வாழவைக்கிறது. ஆக, பசுமைக்குடில் விளைவு கெட்டது என்று யாராவது சொன்னால் அது தவறு. சிக்கல் போர்வை தடித்துக்கொண்டே போவதில் இருக்கிறது. வெள்ளிக் கோளைப் பாருங்கள். சூரியனுக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பது புதன். ஆனால் வெள்ளிதான் அதிகச் சூடு, தரையில் 460 டிகிரிக்கு மேல். அதன் காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு.

## 10,000-இல் நான்கு என்ன செய்துவிடும்?

நம் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். கார்பன் டை ஆக்சைடோ வெறும் 0.04 சதவீதம். பத்தாயிரம் மூலக்கூறுகளில் நான்கே நான்கு. இந்த நான்கா பூமியைச் சூடாக்கப் போகிறது என்று பலரும் கேட்கிறார்கள்.

அகச்சிவப்புக் கதிரின் கண்ணில் இருந்து பாருங்கள். நைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டு ஒரே மாதிரி அணுக்கள் சேர்ந்தவை. இந்தக் கதிரைப் பிடிக்கும்படியான அதிர்வு அவற்றுக்குக் கிடையாது, கதிர் அவற்றைக் கவனிக்காமலே போய்விடும். கார்பன் டை ஆக்சைடில் மூன்று அணுக்கள், நடுவில் கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். அது வளைந்து வளைந்து ஆடும். அந்த ஆட்டத்தின் தாளமும் பூமி வீசும் கதிரில் ஒரு பகுதியின் தாளமும் ஒத்துப்போவதால் கதிரைப் பிடித்துக்கொள்கிறது. திருவிழாக் கூட்டத்தில் பத்தாயிரம் பேர் இருக்கலாம், டிக்கெட் கேட்டு நிறுத்துபவர்கள் நாலு பேர்தான். உள்ளே போகிறவருக்கு அந்த நாலு பேர்தான் கணக்கு. அதுவும் இங்கே கதிர் கடக்க வேண்டியது பல கிலோமீட்டர் உயரக் காற்றை, வழிநெடுக நிறுத்தி நிறுத்தி அனுப்பப்படும்.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1856-இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி, வெப்பமானியைச் செருகி வெயிலில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய குழாய்தான் அதிகம் சூடானது, நிழலுக்கு எடுத்துவந்த பிறகும் ஆற வெகுநேரம் ஆனது. இந்த வாயு நிறைந்த காற்று பூமிக்கு அதிக வெப்பத்தைத் தரும் என்று அப்போதே எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து ஜான் டிண்டல் என்ற ஐரிஷ் அறிஞர் அகச்சிவப்புக் கதிரை வைத்தே இதைத் துல்லியமாக அளந்தார். 1896-இல் ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அர்ரேனியஸ், இந்த வாயு இருமடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். அவருக்கு வந்த விடை 5, 6 டிகிரி. இன்றைய கணிப்பு 3 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கணினி இல்லாத காலத்தில், காகிதமும் பேனாவும் வைத்து இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இதுவரை: சூரியனிலிருந்து வருவது வந்துவிடுகிறது, பூமி திருப்பி அனுப்புவதைச் சில வாயுக்கள் தாமதப்படுத்துகின்றன. அவை கூடினால், வரவும் செலவும் சமமாகும்வரை பூமி சூடாகும்.

## கைமாறும் பணமும் புதைத்து வைத்த பானையும்

மூச்சு விடும்போது நாமும் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறோமே, அதுவும் குற்றமா? இல்லை. நாம் வெளியிடும் கார்பன் சாப்பாட்டிலிருந்து வந்தது. சாப்பாட்டுக்குச் செடியிலிருந்து வந்தது. செடி சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்தே எடுத்தது. ஒரு வீட்டுக்குள் பணம் கை மாறுவதுபோல. யார் கையில் இருந்தாலும் வீட்டின் மொத்தம் மாறாது.

நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு கதை வேறு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செடிகளும் நுண்ணுயிர்களும் மண்ணுக்குள் புதைந்து ஆனவை இவை. இவற்றுக்குப் புதைபடிவ எரிபொருள் என்று பெயர். யாரும் தொடாத பானையில் புதைத்து வைத்த பணம் அது. அதைத் தோண்டி எடுத்து எரிக்கும்போது, புழக்கத்தில் இல்லாத கார்பன் புதிதாகப் புழக்கத்துக்கு வருகிறது. எடைக் கணக்கும் வியப்பானது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான், எரிந்தால் வருவது சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பெட்ரோலில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. டேங்கில் ஊற்றியதைவிட மூன்று மடங்கு எடை, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. காடுகளை அழிப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், ஊர் புகை எட்டாத உயரத்தில், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். பத்து லட்சம் பங்கு காற்றில் இது எத்தனை பங்கு என்று சொல்லும் அளவுக்குப் பிபிஎம் என்று பெயர். அப்போது 315-ஐ ஒட்டி இருந்தது. ஓரிரு ஆண்டுகளில் அவர் வரைபடத்தில் ஓர் அழகான விஷயம் தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சம், செப்டம்பரை ஒட்டி இறக்கம். நிலப்பரப்பும் காடும் அதிகமுள்ள வட பாதியில் கோடையில் இலைகள் துளிர்த்து வாயுவை உள்ளே இழுக்கின்றன, இலையுதிர்ந்து மக்கும்போது வெளியே விடுகின்றன. பூமி மூச்சு விடுவது அந்தக் கோட்டில் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு மூச்சும் முந்தைய மூச்சைவிடச் சற்று உயரத்தில் முடிகிறது. 2024-இல் அந்த அளவு 420-க்கு மேல் இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் இருந்தது சுமார் 280. அண்டார்டிகாவின் ஆழத்து உறைபனியில் சிக்கியிருக்கும் பழங்காலக் காற்றுக் குமிழிகளை அளந்து பார்த்ததில், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் அது 300-ஐ ஒட்டிய அளவைத் தாண்டியதே இல்லை.

## நம்மால்தான் என்று எப்படித் தெரியும்?

காலநிலை முன்னரும் மாறியிருக்கிறது, இது உண்மை. பூமியின் பாதையும் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை லேசாக மாறுவதால் பனி யுகங்கள் வந்து போயிருக்கின்றன. ஆனால் முன்பு காடு தானாகத் தீப்பிடித்திருக்கிறது என்பதால் இன்றைய தீயை யாரும் வைக்கவில்லை என்று ஆகாது. தடயம் பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் சூரியன்மேல். 1970-களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனின் வீச்சை நேரடியாக அளக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் 0.1 சதவீதம்போல ஏறி இறங்குகிறதே தவிர, கூடிக்கொண்டே போகவில்லை. பூமியோ இந்தக் காலத்தில்தான் வேகமாகச் சூடானது. இன்னொரு தடயம் இதைவிட அழுத்தமானது. சூரியன் காரணமாக இருந்தால் காற்றின் எல்லா அடுக்குகளும் சூடாகியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கு குளிர்கிறது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று 1967-இலேயே சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்டு என்ற காலநிலை அறிஞர்கள் தங்கள் கணினி மாதிரியில் காட்டியிருந்தார்கள். மனாபேக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

கூடிய வாயு நம்முடையதுதானா? கார்பன் அணுக்களில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு, அவற்றுக்கு ஐசோடோப்பு என்று பெயர். கார்பன்-14 என்ற வகை காலப்போக்கில் சிதைந்துபோகும். கோடிக்கணக்கான ஆண்டு புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது மிச்சமே இருக்காது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடக் கூட, அதில் கார்பன்-14-இன் பங்கு நீர்த்துப்போனது. பானையிலிருந்து எடுத்த பணம் என்பதற்கு முத்திரைபோல. எரிமலைகள்? ஆண்டுக்கு அவை வெளியிடுவது, நாம் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

## ஒரு டிகிரி என்றால் எவ்வளவு?

காலைக்கும் மதியத்துக்கும் நடுவே பத்து டிகிரி ஏறுகிறது, பூமி ஒன்றரை டிகிரி சூடாவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் அலை. ஒன்றரை என்பது மட்டம், அதுவும் தரை, கடல், துருவம், இரவு, பகல் எல்லாம் சேர்ந்த பூமி முழுவதற்குமான மட்டம்.

அதன் கனத்தை உணர ஒரே ஒப்பீடு போதும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனி யுகத்தின் உச்சத்தில், கனடாவின் பெரும்பகுதியையும் வட ஐரோப்பாவையும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி மூடியிருந்தது. கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர்போல கீழே இருந்தது. அந்த உலகத்துக்கும் தொழிற்புரட்சிக்கு முந்தைய உலகத்துக்கும் இருந்த சராசரி வித்தியாசம் 5, 6 டிகிரிதான். அந்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகள் ஆயின. இப்போது 150 ஆண்டுகளுக்குள் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது, அதிலும் பெரும்பகுதி 1970-களுக்குப் பிறகு.

மட்டம் ஏறும்போது என்ன ஆகும் என்பதற்கு மணல் கோட்டையே நினைத்துக்கொள்ளுங்கள். அதே பலமுள்ள அலை, முன்பு எட்டாத இடத்தை இப்போது எட்டுகிறது. எப்போதாவது வந்த வெப்ப அலை அடிக்கடி வருகிறது. ஒரு டிகிரி சூடான காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும், அதனால் மழை கொட்டும்போது இன்னும் பலமாகக் கொட்டுகிறது. ஒரு புயலைக் காட்டி, இது காலநிலை மாற்றத்தால் வந்ததா, ஆமா இல்லையா என்று கேட்பது சரியான கேள்வி ஆகாது. ஏறிய மட்டம் அதன் பலத்தை எவ்வளவு கூட்டியது என்று கேட்கலாம், அதற்கு ஆய்வாளர்கள் இப்போது பதில் சொல்கிறார்கள்.

கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள் போகிறது. நீர் சூடானால் விரியும், அதனாலேயே கடல் உயர்கிறது. நிலத்தின் மேல் இருக்கும் பனி உருகி ஓடிவருவது அடுத்த காரணம். தண்ணீரில் மிதக்கும் பனி உருகினால் மட்டம் ஏறக்குறைய மாறாது. பனிக்கட்டி மிதக்கும் டம்ளரை விளிம்புவரை நிரப்பி உருகவிட்டுப் பாருங்கள், வழியாது. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரைமேல் கிடக்கும் பனிதான் கவலை. 1901-க்கும் 2018-க்கும் இடையில் கடல் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது, வேகம் கூடிக்கொண்டிருக்கிறது.

## ஓசோன் ஓட்டை, புகை

இவை இரண்டையும் காலநிலை மாற்றத்தோடு குழப்பாதவர்கள் குறைவு. ஓசோன் படலம் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது. அதை அரித்தவை பழைய குளிர்சாதனங்களிலும் தெளிப்பான்களிலும் இருந்த வாயுக்கள். 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையால் அவை கட்டுப்பட்டன, படலம் மெல்ல ஆறிவருகிறது. பூமி சூடாவது அந்த ஓட்டை வழியாக அல்ல.

கண்ணை உறுத்தும் கரும்புகை நுரையீரலுக்குக் கேடு, ஆனால் அது வேறு சிக்கல். கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகையிலும் சாம்பலிலும் உள்ள சில துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கவும் செய்யும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்தபோது, வானத்தின் உயரத்தில் பரவிய அதன் துகள்களால் உலகம் ஓரிரு ஆண்டு அரை டிகிரிபோல குளிர்ந்தது. துகள்கள் படிந்ததும் குளிர்ச்சி போய்விட்டது.

## குறைத்தாலும் ஏன் ஏறுகிறது?

2020-இல் உலகமே வீட்டுக்குள் முடங்கியது. புதைபடிவ எரிபொருள்களிலிருந்து வெளியான கார்பன் டை ஆக்சைடு அந்த ஆண்டு சுமார் 5 சதவீதம் குறைந்தது. மௌனா லோவா கோடு இறங்கியதா? இல்லை, வழக்கம்போல ஏறியது. பலருக்கும் இது ஏமாற்றமாக இருந்தது, ஆனால் கணக்குத் தெரிந்தவருக்கு வியப்பில்லை. மாதாமாதம் கடன் வாங்குகிறவர், இந்த மாதம் கொஞ்சம் குறைத்து வாங்கினால் மொத்தக் கடன் குறைந்துவிடுமா? கூடும் வேகம்தான் குறையும்.

நாம் வெளியிடுவதில் ஏறத்தாழ பாதியைக் கடலும் காடும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன. மீதி காற்றில் தங்குகிறது, அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குத் தங்கும். அதனால்தான் நிகர பூஜ்ஜியம் என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. வெளியிடும் அளவும், நாம் காற்றிலிருந்து திரும்ப எடுத்துப் பூட்டிவைக்கும் அளவும் சமமாவதற்குப் பெயர் அது. அந்த நிலைக்கு வந்தால் வெப்பநிலை ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும் என்பது இன்றைய அறிவியலின் முடிவு. ஏறியது இறங்கிவிடும் என்பதல்ல, மேலும் ஏறாது என்பதுதான். மீத்தேன் மட்டும் வேறுமாதிரி. அது பலமாகச் சூடாக்கும், ஆனால் பன்னிரண்டு ஆண்டுபோல இருந்துவிட்டுச் சிதைந்துவிடும். அதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

## 1.5 என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

2015-இல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்டது இது: தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையிலிருந்து 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே நிறுத்துவது, 1.5-க்குள் நிறுத்த முயல்வது. 2024-ஆம் ஆண்டின் சராசரி, அந்த முந்தைய நிலைக்கு அடையாளமாக வைத்திருக்கும் 1850–1900 காலத்தைவிட சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. உடனே "எல்லாம் முடிந்தது, எல்லை தாண்டியாகிவிட்டது" என்று ஒரு பக்கம் பேச்சு. அடுத்த ஆண்டு கொஞ்சம் குறைந்தால் "பார்த்தீர்களா, குறைகிறது" என்று இன்னொரு பக்கம் பேசுவார்கள்.

பாரிஸ் சொல்லும் 1.5 ஓர் ஆண்டுக்கானது அல்ல, ஓர் இருபது, முப்பது ஆண்டுகளின் மட்டத்துக்கானது. 2023-இன் நடுவிலிருந்து 2024 வரை எல் நினோ இருந்தது. பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகி, உலக வெப்பநிலையைத் தற்காலிகமாகத் தூக்கிவிடும் நிகழ்வு அது. ஆக, 2024 ஓர் உயரமான அலை. அதற்கு அடியில் உள்ள மட்டம் 1.5-க்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, பத்தாண்டுக்கு 0.2 டிகிரிக்கு மேல் என்ற வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. கோட்டை ஓர் அலை தாண்டிவிட்டுப் பின்வாங்கியிருக்கிறது. இனி வரும் அலைகளில் சில அதற்கு முன்னாலேயே நிற்கும், சில தாண்டும், தாண்டுபவை கூடிக்கொண்டே வரும்.